வலது கை வாட்ச்

ஒக்கலிபுரம், பெங்களூரு
14 ஏப்ரல் 2025

தமயந்திக்கு,

போனில் கூப்பிடக் கூடாது, சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று படியிறங்கும்போது சொன்னாய். அதன்படி எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரி டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியவன் நான். சொந்த வீட்டுக்கும் அப்படி எழுத வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. ஏப்ரல் ஆறு, ஞாயிறு, காலை பதினொன்று நாற்பதுக்கு நீ போனாய்.

இன்று வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டேன். ரகு புனேயிலிருந்து கூப்பிட்டு அம்மாவிடம் கொடுங்கள் என்றான். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அது பொய் இல்லை.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். அந்த ஆராய்ச்சிக்கு மார்ச்சில் நீயும்தான் கையெழுத்துப் போட்டாய். ஒரே வீட்டில் இருக்கும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எந்தச் சூட்டில் சௌகரியம் என்று பார்க்கிறார்கள், நாலு மாதம் இருவரும் வாட்சைக் கழற்றக் கூடாது என்று ஆராய்ச்சிக்கு வருகிற அந்தப் பெண் கிருத்திகா எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். உன் நாடித் துடிப்பை எண்ண வேண்டிய வாட்ச் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை அங்கேயே அதிர்ந்து, 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று ஊறுகாய் பாட்டிலைக் கேட்கிறது. சூட்டை அளக்கச் சுவர்களில் மாட்டிய மூன்று பெட்டிகளில் ஒன்று யாரும் இல்லாத அடுப்படியை அளந்துகொண்டிருக்கிறது.

கிருத்திகா நேற்று வந்தாள். அம்மா எங்கே என்றாள். மார்க்கெட் போயிருக்கிறாள் என்றேன். மறுபடி 27-ம் தேதி வருவாள். அதற்குள் வந்துவிடு. ஃபேன் ரெகுலேட்டரில் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போனாள் என்று யாரிடம் சொல்வது?

சந்திரசேகரன்


ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
19 ஏப்ரல்

ரகு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மெமோ மாதிரியே இருக்கிறது. கீழே ஒரு சீல்தான் குறை.

நான் ஃபேனுக்காகப் போகவில்லை. ஃபேன் இரண்டு வருஷமாக இரண்டிலேதான் ஓடியது, நான் இரண்டு வருஷமும் அங்கேதான் இருந்தேன். புழுக்கம் தாங்கவில்லை என்பேன். வயசு என்பீர்கள். நெஞ்சு படபடக்கிறது என்பேன். டீவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். என் அப்பா பூமிக்குள் வெந்துகொண்டு வேலை பார்த்தவர். வெக்கை எது, வீம்பு எது என்று எங்கள் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியும்.

ஆறாம் தேதி காலையில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எழுதவே இல்லையே. அந்தப் பெண் கிருத்திகா படிவமும் பேனாவுமாக என்னைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, அடுப்படி உங்களுக்கு எப்படி இருக்கு?" காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருத்தர் அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது, அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தேன். அதற்குள் நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்:

"அவளுக்கு எப்பவும் அப்படித்தாம்மா. டிசம்பர்லயும் விசிறிக்கிட்டு நிப்பா. அதெல்லாம் எழுதாத, நார்மல்னு போட்டுக்க."

அவள் என்னைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். என் வாய் திறந்தபடியே இருந்தது. அவள் போனதும் நான் பையை எடுத்தேன்.

இங்கே மைதிலி வீட்டில் ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. அவள் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நானும் ஒன்றும் சுகமாக இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை, கை ஆடுகிறது. அக்கா, உனக்குக் கோபம் உடம்பைத் தின்னுது என்கிறாள் மைதிலி. இருக்கும்.

வாட்சை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். நான் போய்விட்டேன் என்று சொல்லுங்கள்.

தமயந்தி


ஒக்கலிபுரம்
28 ஏப்ரல்

தமயந்திக்கு,

கிருத்திகா நேற்று வந்து போனாள். நான் சொல்லவில்லை.

சொல்லத்தான் நினைத்தேன். அவள் படியேறி வந்து, செருப்பை விட்டுவிட்டு, "அம்மா இல்லையா சார்?" என்றாள். இந்த வீட்டில் உன்னைப் பற்றிக் கேட்க மிச்சம் இருப்பது அவளும் கீழ்வீட்டு ஓனரம்மாவும்தான். ஓனரம்மா "அம்மா எல்லி?" என்று, நீ எங்கே எனக் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள். இவள் நின்றாள். போய்விட்டாள் என்று சொன்னால் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு அவளும் போய்விடுவாள். இன்னொன்றும் உண்டு. வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது. கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

சிரிக்க மாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். நீ போன அன்று சாயங்காலமே உன் வாட்சை எடுத்து என் வலது கையில் கட்டிக்கொண்டேன். வார் கடைசி ஓட்டைக்கு வந்தது. அன்று முதல் இடது கையில் நான், வலது கையில் நீ. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறேன். போன கடிதத்தில் உன் வாட்ச் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது என்று எழுதியது பொய். எழுதும்போதும் அது என் கையில்தான் இருந்தது.

அது அதிர்ந்தால் உனக்காகவும் நான்தான் அமுக்க வேண்டும். முதல் சில நாள் இரண்டு கைக்கும் 'சௌகரியம்' என்றே அமுக்கினேன். பிறகு மனசு உறுத்தியது. டைம் ஆபீஸில் ஆள் ஃபேக்டரியின் எந்தப் பிரிவில் இருக்கிறானோ அந்தப் பிரிவில்தான் ஆஜர் போடுவோம். காலை ஒன்பதுக்கு நீ எங்கே இருப்பாய்? அடுப்படியில். பதினொன்றரைக்கு? அங்கேதான். நாலு மணிக்குக் காபிக்காக மறுபடி அங்கே. அதனால் வலது கை அதிர்ந்தால் எழுந்து போய் அடுப்புக்கு எதிரில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

சும்மா நின்றால் சரியாக இருக்காது என்று சமைக்கவும் செய்தேன். குக்கர், பக்கத்தில் குழம்பு, மேலே ஷீட் கூரை. ஜன்னல் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு சாண் ஓட்டை. பெட்டியில் முப்பத்தேழு காட்டியது. கூடத்தில் முப்பத்தொன்று. கண்ணாடி வேர்த்து மூக்கில் இறங்கியது. இத்தனை வருஷம் நான் அங்கே டம்ளரை வைக்கப் போயிருக்கிறேன், நின்றதில்லை. 'மிகவும் சூடு' என்று அமுக்கினேன். உன் பெயரில் நாள் தவறாமல் அதைத்தான் அமுக்குகிறேன்.

இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சந்திரசேகரன்


ராபர்ட்சன்பேட்டை
4 மே

ரகு அப்பாவுக்கு,

சிரித்தேன். மைதிலி உள்ளேயிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். நண்பனின் கார்டையும் சேர்த்து பஞ்ச் பண்ணினான் என்று ஆண்டனிக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். அந்த நண்பனின் பெண்சாதி அன்று பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று பிறகு தெரிந்தும், விதி விதிதான் என்றீர்கள். அதைக் கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டவர் நீங்கள். இப்போது இரண்டு கையிலும் பஞ்ச் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அடுப்படியில் போய் நின்றீர்கள், சரி. முப்பது வருஷம் கழித்தாவது நின்றீர்கள். ஆனால் அங்கே நின்றுகொண்டு என்ன செய்தீர்கள்? எனக்காகப் பதில் சொன்னீர்கள். நான் எதனால் வீட்டை விட்டு வந்தேனோ அதையே நான் இல்லாத வீட்டிலும் செய்துகொண்டிருக்கிறீர்கள். முன்னே நார்மல் என்றீர்கள், இப்போது மிகவும் சூடு என்கிறீர்கள். இரண்டிலும் நான் இல்லை.

அந்தப் பெண் படிக்கிற பெண். உங்கள் தனிமைக்கு அவள் படிப்பைக் கெடுக்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எழுதினால் போதும்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். பேனா நிற்கமாட்டேன் என்கிறது.

தமயந்தி


ராபர்ட்சன்பேட்டை, உன் தெருமுனை டீக்கடை
11 மே, ஞாயிறு

தமயந்தி,

இதை மைதிலி கையில் கொடுத்து அனுப்புகிறேன். நேற்று உனக்குப் பதினொரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை, அது நாம் பேசிவைத்ததுதான். ஆனால் இது காத்திருக்கிற விஷயம் இல்லை. காலை மாரிகுப்பம் வண்டியைப் பிடித்து வந்துவிட்டேன். நீ என்னைப் பார்க்க வேண்டாம். இதை மட்டும் முழுக்கப் படி.

நேற்று கிருத்திகா வந்ததும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்து இரண்டு கோடுகளைக் காட்டினாள். "சார், ஏப்ரல் ஆறுலருந்து நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா படி ஏறி, ஒண்ணா உக்காந்து, ஒண்ணா தும்முறீங்க. எந்த வீட்லயும் இப்படி இல்ல சார்," என்றாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு நான் சொன்னதை யோசித்தாள் போலிருக்கிறது, முகம் மாறிவிட்டது. அப்படியென்றால் மார்ச் மாதக் கணக்குதான் அம்மாவுடையது என்று சொல்லி அதை எடுத்தாள். நீ வாட்ச் கட்டியிருந்த அந்த ஐந்து வாரமும், கூடத்தில் ஃபேனுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உன் துடிப்பு நூற்றுப் பத்து. தூங்கும்போது தொண்ணூற்றெட்டு. எனக்கு அறுபத்தெட்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் அவளுடைய பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தாராம். சொல்வதற்கு முன்னால் அடுத்த வாரக் கணக்கு வந்தது. அதில் உன் துடிப்பு எழுபதுக்கு இறங்கியிருந்தது. வார் தளர்வாக இருந்திருக்கும், இப்போது சரியாகிவிட்டது என்று அந்தக் குறிப்பை அடித்துவிட்டார்கள்.

சரியானது உன் நெஞ்சு இல்லை, தமயந்தி. அது என் நெஞ்சு.

ஐந்து வாரம். நான் அந்த வாட்சைக் கட்டாமல் இருந்திருந்தால் அவர்கள் ஏப்ரலிலேயே உன்னைத் தேடியிருப்பார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் நிரப்பிக் கொடுத்த உடல்நலப் படிவத்தை அவள் காட்டினாள். உன் பக்கமும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. படபடப்பு உண்டா, இல்லை. கை நடுக்கம் உண்டா, இல்லை. எடை குறைந்ததா, இல்லை. நீ அப்போது பத்தடி தூரத்தில் அடுப்படியில் இருந்தாய். ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போன கடிதத்தில் நீ பேனா நிற்கவில்லை என்று எழுதியிருந்ததை அவளிடம் சொன்னேன். "நாங்க டாக்டர் இல்ல சார், எதுவும் சொல்லக் கூடாது. ஆனா நாளைக்கே காட்டுங்க," என்றாள்.

அவள் அச்செடுத்துக் கொடுத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு. நீயும் மைதிலியும் ஆட்டோவில் ஏறுவதைப் பார்க்கும்வரை இங்கேயே நிற்கிறேன். பார்த்ததும் போய்விடுகிறேன். பேச வரமாட்டேன்.

சந்திரசேகரன்


ராபர்ட்சன்பேட்டை
23 மே

ரகு அப்பாவுக்கு,

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. தைராய்டு. கழுத்தில் இருக்கிற சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறதாம். டாக்டரம்மா சின்ன வயசுதான். நான் ஒன்றும் சொல்லாமலே அவளாகக் கேட்டாள். மற்றவர்களுக்குச் சரியாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் புழுங்குமா, கை ஆடுமா, சாப்பிட்டும் இளைக்கிறீர்களா, எரிச்சல் வருமா என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். எவ்வளவு நாளாக என்றாள். இரண்டு வருஷம் என்றேன். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டாள். அதற்கு மட்டும் அழுதுவிட்டேன்.

உங்களைக் குற்றம் சொல்லி அழவில்லை. நீங்கள் நம்பாதது பழகிவிட்டது. ஒரு கட்டத்தில் நானே நம்புவதை விட்டுவிட்டேன். நான் ஒரு கோபக்காரி, எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள், வயசாகி மூளை சூடேறிப்போனவள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உடம்பு கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நானும் நார்மல் என்றே போட்டுவிட்டேன்.

மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. படபடப்புக்கு ஒன்று, சுரப்பிக்கு ஒன்று. பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்றாள்.

அன்று உங்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைக்குள் நிழல் இருக்க, வெயிலில் நின்றுகொண்டிருந்தீர்கள். முழுக்கைச் சட்டை. கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் நீங்கள் உள்ளே வந்து மைதிலியிடம் என் வியாதியைப் பற்றி என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்லியிருப்பீர்கள். அதனால் கூப்பிடவில்லை.

தமயந்தி


ஒக்கலிபுரம்
3 ஜூன்

தமயந்திக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. உன் கடிதத்துக்கு முன்னாலேயே மைதிலி போனில் சொல்லிவிட்டாள், அவளை ஒன்றும் சொல்லாதே.

ஓனரம்மாவிடம் பேசி அடுப்படிச் சுவரை இடித்து நிஜமான ஜன்னல் வைத்தாயிற்று. நாலடிக்கு மூன்றடி. எதிரில் ரயில் போவது தெரிகிறது. புகை இழுக்கிற ஃபேன் ஒன்றும் மாட்டியிருக்கிறேன். ஷீட்டுக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். மழையும் தொடங்கிவிட்டது. நேற்று பதினொன்றரைக்குப் பெட்டியில் முப்பது காட்டியது.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே அந்தச் சுரப்பி செய்த வேலைதான். உன் புழுக்கமும் அதுதான், கோபமும் அதுதான், என்னை விட்டுப் போனதும் அதுதான். நம் இருவர் மேலும் தப்பில்லை. ஆறு வாரத்தில் துடிப்பு இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதாக மைதிலி சொன்னாள். அப்படியானால் ஜூன் கடைசி. உன் வாட்சைக் கழற்றி, துடைத்து, சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். வலது கையில் வெள்ளையாக ஒரு பட்டை விழுந்திருக்கிறது. வந்ததும் நீயே கட்டிக்கொள்ளலாம்.

எந்த வண்டி என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

சந்திரசேகரன்


ராபர்ட்சன்பேட்டை
24 ஜூன்

ரகு அப்பாவுக்கு,

என் எழுத்தைப் பாருங்கள். நேராக நிற்கிறது. நேற்று ஒரே தடவையில் ஊசியில் நூல் கோர்த்தேன். துடிப்பு எழுபத்தெட்டு. மைதிலி வீட்டு ஃபேன் மூன்றில் ஓடுகிறது, அவள் போர்வையை மடித்து வைத்துவிட்டாள்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மாத்திரையில் புழுக்கம் போனது மாதிரி, உங்கள் மேல் இருக்கிற கோபமும் போகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும் என்றுதான் நினைத்தேன். போனால் வந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

நிறையப் போய்விட்டது. மைதிலி டம்ளரை நங்கென்று வைத்தால் இப்போது எரிச்சல் வருவதில்லை. உங்கள் இருமலைக்கூடக் கோபமில்லாமல் நினைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. காபி டம்ளரோடு வாயைத் திறந்தபடி நின்றேனே, அது. எந்தச் சுரப்பியும் அதைச் செய்யவில்லை. துடிப்பு வெறும் எழுபத்தெட்டாக இருக்கும்போது உட்கார்ந்து நினைத்தாலும் அது வலிக்கிறது.

உங்கள் கடிதத்தில் நான் ஏன் போனேன் என்பதற்கும் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். சுரப்பி என்று.

ஜன்னல் வைத்ததற்கு நன்றி. மனசார எழுதுகிறேன். ஆனால் நான் இப்போது வரவில்லை. எப்போது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தெரியாது என்று நானே சொல்வது நன்றாக இருக்கிறது.

தமயந்தி


ஒக்கலிபுரம்
6 ஜூலை, ஞாயிறு

தமயந்திக்கு,

நான்கு நாள் உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் உனக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று ஆராய்ச்சி முடிந்தது. கிருத்திகா வந்து பெட்டிகளையும் இரண்டு வாட்சுகளையும் எடுத்துக்கொண்டாள். சுவரில் ஆறு ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றன. ஏப்ரல் ஆறுக்குப் பிறகு உன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்களாம். நம்மால் அவளுக்கு ஒரு வீடு குறைந்தது. மன்னிப்புக் கேட்டேன். இனி எல்லா வீட்டிலும் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துத்தான் கேட்கப் போகிறோம் சார் என்றாள்.

கடைசியாக ஒரு படிவம். முதல் கேள்வி, வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை. மார்ச்சில் அந்தக் கட்டத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்ப்பது போல எழுந்து உள்ளே போனாள். ஒன்று என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரிந்தது. ரயில் போகிற நேரம்தான், அப்படியும். நான் தனியாக இருக்கிறேன் தமயந்தி. நீ இல்லாதது கஷ்டமாக இருக்கிறது. இதை உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. என்னைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் எழுத என்னிடம் இருப்பது இதுதான்.

படிவத்தில் உன் பக்கம் ஒன்று இருக்கிறது. நீ உண்மையாக வாட்ச் கட்டியிருந்த ஐந்து வாரத்துக்கு உன் பதில் அவர்களுக்கு வேண்டுமாம். அதை வெறுமையாக இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரைக்கூட எழுதவில்லை. கிருத்திகாவின் முகவரியும் தபால் தலையும் ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது. நேராக அவளுக்கே அனுப்பிவிடு. எனக்குக் காட்ட வேண்டாம்.

சந்திரசேகரன்


ராபர்ட்சன்பேட்டை
14 ஜூலை

ரகு அப்பாவுக்கு,

படிவத்தை நிரப்பி இன்று தபாலில் போட்டேன். இரண்டு பக்கம், ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு கேள்விக்கு இடம் போதாமல் தனித்தாள் சேர்த்தேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஒன்று என்று எழுதியதைப் படித்துவிட்டு மைதிலியின் வீட்டுப் பின்வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் போய்விட்டதை நீங்கள் முதல் தடவையாக ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். தங்க வரவில்லை, சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுவேன். சமையல் நீங்கள்தான். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உட்கார்ந்ததும் ஃபேனை எத்தனையில் வைக்கட்டும் என்று என்னைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை பேசாமல் நில்லுங்கள். எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

தமயந்தி